எல்லாம் பச்சை, ஆனாலும் கார் இடதுபக்கம்தான் போகிறது: நான்கு வருட அலைன்மென்ட் அனுபவம்

என் கார் ஒரு சின்ன ஹேட்ச்பேக். முன்சக்கர இயக்கம், சஸ்பென்ஷன் முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் ட்விஸ்ட் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் உத்தரம்). சின்ன கார்களில் பெரும்பாலும் இதே அமைப்புதான். இப்போது ஓடோமீட்டர் 81,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கார் ஒரு பக்கம் இழுக்க ஆரம்பித்தது 34,000-ல். நடுவில் நான்கு முறை வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களை மெஷினில் அளந்து சரிசெய்வது) செய்தேன். அதில் முதல் இரண்டும் வீண்செலவு. அலைன்மென்ட் மெஷின் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கக்கூடாத கேள்வியை நான் கேட்டுவிட்டேன்.

முன்னால் இரண்டு டயரும் மாற்றிய வாரம் அது. காலியான நேர்ச்சாலையில் ஸ்டியரிங்கை லேசாகத் தளர்த்திப் பிடித்தால், ஐந்து எண்ணுவதற்குள் இடது கோட்டில் போய் நிற்கும். நேராக அலைன்மென்ட்டுக்குப் போனேன். திரையில் எல்லாக் கட்டமும் பச்சை. "பக்காவா இருக்கு சார்" என்று தாளைக் கையில் கொடுத்தார் பையன். வெளியே வந்தால் அதே இழுப்பு. வேறு இடத்தில் கேட்டபோது, "அங்க சரியா செட் பண்ணல சார்" என்று மறுபடி டை ராட் (ஸ்டியரிங்கை முன்சக்கரங்களோடு இணைக்கும் கம்பி) நட்டைத் திருப்பினார்கள். இப்போது இழுப்பும் இருந்தது, கூடவே ஸ்டியரிங்கும் கோணலாக நின்றது.

இதற்கான காரணம் ரொம்பப் பிறகுதான் புரிந்தது. முன்சக்கரங்களின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) தவறாக இருந்தால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், டயர் ரம்பப் பல் மாதிரி தேயும், கார் கொஞ்சம் அலைபாயும். ஆனால் ஒரு பக்கமாகத் தொடர்ந்து இழுப்பது அபூர்வம். இரண்டு முன்சக்கரங்களும் டை ராட் வழியாக ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஒன்றில் இருக்கும் பிழையை இரண்டும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டு கார் நேராகவே போகும். கோணலாவது ஸ்டியரிங் மட்டும்தான். சின்ன கார்களில் முன்னால் திருப்பி அமைக்க முடிவதோ பெரும்பாலும் டோ மட்டும். ஆக, இழுப்புக்குச் சம்பந்தமே இல்லாத நட்டைத்தான் இரண்டு இடத்திலும் திருப்பியிருக்கிறார்கள்.

ஒரு வயதான மெக்கானிக் கார் பக்கத்தில்கூட வராமல் ஒரே கேள்வி கேட்டார்: "டயர் எப்போ மாத்தினீங்க தம்பி?" முன்டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டார். ஓட்டிப் பார்த்தேன். இழுப்பு வலதுக்குப் போயிருந்தது! குற்றவாளி டயர்.

ரேடியல் டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை உற்பத்தியில் நடுவிலிருந்து துளி விலகிப் படிந்தாலும், அந்த டயர் உருளை மாதிரி நடந்துகொள்ளாது, கூம்பு மாதிரி நடந்துகொள்ளும். காகிதக் கோப்பையைத் தரையில் உருட்டிவிட்டால் வட்டமடிக்கிறதே, அதே சங்கதி. கண்ணால் பார்த்தால் தெரியாது. பேலன்சிங் மெஷினும் காட்டாது, ஏனென்றால் எடை சரியாகவே இருக்கும். அந்த டயரைப் பின்னால் தள்ளியதும் இழுப்பு நின்றது. பின்சக்கரம் ஸ்டியரிங்கோடு சேராததால் அங்கே அதன் சேட்டை பெரிதாகத் தெரிவதில்லை. உள்புறம் வெளிப்புறம் என்று குறியில்லாத டயராக இருந்தால், ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டியும் பார்க்கலாம். இழுப்பின் திசை மாறிவிடும். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரை மட்டும் இடம் வலம் மாற்றக்கூடாது. அதற்கு அதே பக்கத்திலேயே முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கென்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. இழுக்கிறது என்று தோன்றினால் முதலில் காற்று. காலையில், ஓட்டுவதற்கு முன், ஒரே கேஜில் நான்கையும் பார்ப்பேன். காற்று குறைந்த பக்கம் கார் சாயும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெயில் பட்டு நின்ற பக்கத்து டயர்கள் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூடக் காட்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பத்து டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். வெயிலில் நின்ற காருக்குச் 'சமமாக' காற்று வைத்தால், நிழலுக்கு வந்ததும் அது சமமில்லை.

அடுத்தது சாலை. மழைத்தண்ணீர் வடிய நடுவை உயர்த்தி ஓரத்தைச் சரித்துத்தான் சாலை போடுகிறார்கள். எந்தக் காரும் அந்தச் சரிவில் மெதுவாக ஓரத்துக்கு நழுவும், அது கோளாறு இல்லை. "அதே ரோட்டில் போய்த் திரும்பி வந்து பாருங்கள்" என்று பலர் சொல்கிறார்கள், நானும் நம்பிச் செய்தேன். யோசித்தால் சிரிப்பு வரும்: திரும்பி வரும்போதும் நாம் நம்முடைய ஓரத்தில்தானே வருகிறோம்? சரிவு மறுபடியும் அதே ஓரத்துக்குத்தான். தளம் போட்ட பெரிய காலி இடம் வேண்டும். ஒரே கோட்டில் இந்தப் பக்கமாக ஒருமுறை, எதிர்ப்பக்கமாக ஒருமுறை ஓட்ட வேண்டும். தரையின் சரிவு என்றால் இழுப்பு பக்கம் மாறும். காரின் கோளாறு என்றால் மாறாது. காற்று பலமாக அடிக்கும் நாளில் இந்தச் சோதனையே வேண்டாம்.

52,000-ல் இரண்டாவது கதை. இந்த முறை வலது. ஆனால் வீட்டிலிருந்து கிளம்பும்போது இல்லை, இருபது நிமிடம் ஓடிய பிறகுதான் ஆரம்பிக்கும். மைலேஜும் குறைந்திருந்தது. அலைன்மென்ட் கோணங்கள் இருபது நிமிடத்தில் மாறாது என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, மெதுவாக நிறுத்தி, இரண்டு முன் டிஸ்க்கையும் அளந்தேன். இடது 60 டிகிரி சொச்சம், வலது 140. (கையால் தொட்டுப் பார்க்கிற வேலை வேண்டாம்.) காலிப்பர் (பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) நகர்வதற்கான ஸ்லைடு பின் கிரீஸ் காய்ந்து இறுகிப்போய், பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருந்தது.

கழற்றுவதற்கு முன் மெக்கானிக் ஒரு சோதனை செய்தார், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜாக்கி போட்டுத் தூக்கி, பிரேக்கை ஒருமுறை அழுத்தி, காலை எடுத்த பிறகு, சக்கரத்தைக் கையால் சுற்றினார். இறுக்கம். பிறகு பிளீடர் நிப்பிளை (பிரேக் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகு) துளி தளர்த்திவிட்டு மறுபடி சுற்றினார். அப்போது சக்கரம் விடுபட்டிருந்தால் உள்ளே ஆயில் அழுத்தம் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கி ஒருவழிக் கதவு மாதிரி ஆகியிருக்கும். அப்போதும் இறுக்கமாகவே இருந்தால் காலிப்பரில்தான் சிக்கல். என் காரில் இரண்டாவது. ஸ்லைடு பின்னைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கு உரிய கிரீஸ் தடவி, ரப்பர் உறையை மாற்றியதோடு முடிந்தது. இப்போதெல்லாம் பேட் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் ஸ்லைடு பின்னையும் பார்க்கச் சொல்கிறேன். ஒன்று கவனிக்க: பிரேக் அழுத்தும்போது மட்டும் வலது இழுத்தால் வலதையே சந்தேகப்படக்கூடாது. இடது பிரேக் பிடிக்காமல் இருந்தாலும் கார் வலதுக்குத்தான் போகும்.

மூன்றாவது, 66,000-ல். இடது முன்சக்கரம் ஒரு குழியில் நன்றாக இறங்கியது. அதன் பிறகு ஓட்டுவதே எரிச்சல்: சும்மா போனால் லேசாக வலது, பிரேக் தொட்டால் இடது, ஆக்ஸிலரேட்டர் அழுத்தினால் பலமாக வலது. பெடலில் காலை மாற்றினால் திசை மாறுகிறது என்றாலே லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரோடு இணைக்கும் கை) புஷ்ஷை, அதாவது அதன் மூட்டில் உள்ள ரப்பரைப் பார்க்க வேண்டும். ரப்பர் கிழிந்திருந்தால் பிரேக்கில் சக்கரம் பின்னுக்கு நகரும், முடுக்கினால் முன்னுக்கு நகரும். கடப்பாரையால் நெம்பிப் பார்த்ததில் இடது பின்புஷ் வாயைப் பிளந்தது.

லோயர் ஆர்ம் மாற்றியதும் அந்த ஆட்டம் போய்விட்டது, லேசான வலது இழுப்பு மட்டும் பாக்கி. இந்த நேரத்தில்தான் அலைன்மென்ட் உண்மையிலேயே வேலைக்கு ஆனது. சரிசெய்வதற்கு முந்தைய அளவையும் அச்செடுக்கச் சொன்னேன். கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்; மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் மைனஸ், வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ். இடது கேம்பர் மைனஸ் 1°10', வலது மைனஸ் 0°20'. கேம்பர் எந்தப் பக்கம் கூடுதலாக பாசிட்டிவ் ஆக இருக்கிறதோ அந்தப் பக்கம் கார் இழுக்கும். காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம் இழுக்கும். ஆகவே தனித்தனிக் கட்டம் பச்சையா சிவப்பா என்பதைவிட இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். அரை டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. இங்கே 50 நிமிடம் (60 நிமிடம் ஒரு டிகிரி). இரண்டு கட்டமும் தத்தம் எல்லைக்குள் பச்சையாகவே இருந்தபடி கார் இழுக்க முடியும்.

தாளைப் படிப்பதில் ஒரு பொறி உண்டு. சில மெஷின்கள் 0°30' என்று டிகிரி-நிமிடமாகக் காட்டும், சில 0.30° என்று தசமத்தில் காட்டும். முதலாவது அரை டிகிரி, இரண்டாவது 18 நிமிடம். பழைய தாளையும் புதிய தாளையும் ஒப்பிட்டு நான் ஒரு மாலை முழுக்கக் குழம்பியது இதனால்தான்.

ஸ்ட்ரட் வளையவில்லை. ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பிணைக்கும் இரண்டு போல்ட்டின் ஓட்டைகளில் கொஞ்சம் இடைவெளி உண்டு, குழியில் பட்ட அடியில் அது நகர்ந்திருந்தது. தளர்த்தி, சக்கரத்தின் மேல்பக்கத்தை வெளியே இழுத்துப் பிடித்து முறுக்கினார்கள். மைனஸ் 0°35' வந்தது. கேம்பர் மாறினால் டோவும் மாறும், அதனால் டோவைக் கடைசியில் வைத்தார்கள். இழுப்பு நின்றுவிட்டது.

எட்டாயிரம் கிலோமீட்டரில் அதே புஷ் மறுபடி கிழிந்தது. புது ஆர்மைப் போட்ட இடத்தில் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக முறுக்கியிருக்கிறார்கள். அப்படி முறுக்கினால் காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் எப்போதும் திருகிக்கொண்டே இருக்கும். காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. நான் பக்கத்திலேயே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன், அப்போது இது தெரியாது. அதை மாற்றியபோது செய்ததுதான் நான்காவது அலைன்மென்ட்.

அந்த முறை நான் டீ குடிக்கவில்லை. காற்றைச் சமமாக்கிய பிறகே காரை மேடையில் ஏற்றச் சொன்னேன். கிளாம்ப் மாட்டியதும் காரைப் பின்னும் முன்னும் உருட்டி ரிம்மின் கோணலைக் கழிக்கும் படியைத் தாண்டிப் போகப் பார்த்தார்கள், விடவில்லை. ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பூட்டிய பிறகுதான் டை ராட்டைத் தொட்டார்கள். "சார் நீங்க மெக்கானிக்கா?" என்று பையன் கேட்டான்.

வீட்டிலேயே அளக்க முயன்றதையும் சொல்லிவிடுகிறேன். காரின் இரண்டு பக்கமும் நூல் கட்டி ரிம்மின் முன்விளிம்பு, பின்விளிம்பு தூரத்தை அளந்தால் டோ ஓரளவு நன்றாகவே கிடைக்கிறது. நூல் இரண்டையும் இணையாகக் கட்டுவதில்தான் பாதி நாள் போகும். போனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியால் கேம்பர் அளந்தேன். ஒரே சக்கரத்தில் இரண்டு தடவை அளந்தால் கால் டிகிரி வேறுபட்டது. தேடுவதே அரை டிகிரி வித்தியாசம் என்னும்போது அது உதவாது.

இன்று தளம் போட்ட மைதானத்தில் இரண்டு திசையிலும் நேராகப் போகிறது. சரிவான சாலையில் மெதுவாக ஓரத்துக்கு நகரும், விட்டுவிட்டேன். தாளில் பின்வலது கேம்பர் மட்டும் இன்னும் சிவப்பு. ட்விஸ்ட் பீமில் அதைத் திருப்ப நட்டே கிடையாது, பின்டயரும் சீராகத்தான் தேய்கிறது. அந்தச் சக்கரத்தில் இருப்பது 34,000-ல் பின்னால் தள்ளிய அதே கூம்பு டயர். டயரின் பட்டன் தேய்ந்துவிட்டது, அடுத்த மாதம் கழற்றுகிறேன்.