தோளில் தாங்கும் கால்சட்டை: ஏழு ஆண்டு அனுபவம்

தொப்புளுக்கு அருகே குடலிறக்க அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு, பெல்ட் அணிந்த நாளெல்லாம் தழும்பு இருந்த இடம் மாலைக்குள் வலிக்கத் தொடங்கியதால், லண்டனில் வேலை பார்க்கும் நான் ஏழு ஆண்டுகளுக்கு முன் தோள்பட்டிக்கு மாறினேன். அமெரிக்காவில் சஸ்பெண்டர் என்று அழைக்கப்படும் இதற்கு இங்கே பிரேசஸ் என்று பெயர். இந்நாட்டுக் கடையில் சஸ்பெண்டர் என்று கேட்டால், பெண்களின் நீண்ட காலுறையைப் பிடித்து நிறுத்தும் பட்டியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

முதலில் வாங்கியது கிளிப் வைத்த மலிவான பட்டி. அதன் உலோகப் பற்கள் ஒரே இடத்தைத் தினமும் கடித்ததில், நல்ல கம்பளிக் கால்சட்டை இரண்டின் இடுப்பு விளிம்பில் நூல் பிரிந்து புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஒருநாள் ரயில் நிலையத்தில் காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தபோது பின்பக்கக் கிளிப் விடுபட்டு முதுகில் சுளீரென்று அடித்தது. அன்றே அதை ஒதுக்கிவிட்டேன்.

அதன்பின் பொத்தானில் மாட்டும் வகையையே அணிகிறேன். யார் கேட்டாலும் அதையே சொல்வேன். 1820-இல் லண்டனில் தொடங்கிய, பிரேசஸ் செய்யும் ஆல்பர்ட் தர்ஸ்டன் நிறுவனத்தின் பல பட்டிகளிலும், இரு முனைகளிலும் காஜா போட்ட தோல் துண்டுகளே கால்சட்டையைப் பிடித்துக்கொள்கின்றன. இதற்கு முன்னால் நான்கு, பின்னால் இரண்டு என ஆறு பொத்தான்கள் வேண்டும். தோல் தடிமனாக இருப்பதால், பொத்தானைத் துணியோடு ஒட்டித் தைக்காமல், அடியில் நூலைச் சுற்றிச் சிறு காம்பு விட்டுத் தைக்கச் சொல்ல வேண்டும். என் தையற்காரர் முதல் தடவை அப்படிச் செய்யாததால், இரண்டே மாதத்தில் இரண்டு பொத்தான்கள் அறுந்துபோயின. இடுப்பளவையும் முக்கால் அங்குலம் தளர்த்தித் தைத்துக்கொண்டேன். சாப்பிட்ட பிறகும் வயிறு இறுகுவதில்லை. கால்சட்டையின் மடிப்பும் இடுப்பிலிருந்து காலணிவரை நேராக விழுகிறது. பெல்ட் அணிந்த நாட்களில் இந்த ஒழுங்கை நான் கண்டதே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. கழிவறைக்குப் போகும்போது கோட்டைக் கழற்றியாக வேண்டும். எலாஸ்டிக் பட்டிக்குள் இருக்கும் ரப்பர் வியர்வையிலும் வெப்பத்திலும் வலுவிழந்துவிடுகிறது. பொத்தான் வகையில் நான் வாங்கிய முதல் பட்டியின் ஓரங்கள் நான்காம் ஆண்டில் அலை அலையாக நெளிந்தன, இழுத்தால் திரும்பிச் சுருங்கவில்லை. ஆகவே முன்புறம் தடித்த கம்பளித் துணியும், முதுகில் மட்டும் சிறிதளவு எலாஸ்டிக்கும் உள்ள பட்டியை அடுத்து வாங்கினேன். மூன்று ஆண்டுகளாகியும் அது தளரவில்லை.

காலுறை சரியாமல் கெண்டைக்காலில் மாட்டும் பட்டியையும் சில மாதம் பயன்படுத்தினேன். பகல் முழுதும் அணிந்தால் தோலில் சிவந்த தடம் பதிந்ததால், முழங்கால்வரை உயர்ந்த காலுறைக்கு மாறிவிட்டேன்.

இப்போது பின்பக்கத் தோல் துண்டில் காஜாவைச் சுற்றி மெல்லிய வெடிப்பு தெரிகிறது. பட்டி நன்றாகவே இருப்பதால், தோலை மட்டும் மாற்றித் தரும்படி செருப்புத் தைப்பவரிடம் கொடுத்திருக்கிறேன்.