மார்க் போடாத துண்டுத்தாள்: எங்கள் மன்னார்குடி டியூஷன்

மன்னார்குடி பெரிய கோயில் பக்கம், ஒரு டீச்சர் வீட்டு மாடியில் நடக்கும் டியூஷனில் ஏழாவது படிக்கும் மகளை ஜூனில் சேர்த்தேன். குறுவை நடவு நேரம், வீட்டில் சொல்லித்தர ஆளில்லை.

முன்பு போன இடத்தில் சனிக்கிழமைதோறும் நூறு மார்க் பரீட்சை. தாளில் சிவப்பு மையில் ஓர் எண் மட்டும் வரும். எங்கே தப்பு என்று பிள்ளைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இங்கே பாடம் முடிந்ததும் துண்டுத்தாளில் ஐந்து கேள்வி. மார்க்கே கிடையாது. 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தாள். டீச்சர் அதைக் கோடு போட்டு அடித்துவிடவில்லை. "ஒரு தேங்காய் மூடியோட இன்னொரு துண்டைச் சேர்த்தா, மூடியைவிடக் குறையுமாம்மா?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். மறுநாள் அவளே 5/6 என்று திருத்திக்கொண்டு வந்தாள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பள்ளியில் வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பாடம் நடக்கும்போதே செயல்பாடு, சிறு தேர்வு வைத்துப் பார்ப்பதற்கு, 40 மார்க்; தொகுத்தறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவ முடிவுத் தேர்வுக்கு, 60. அந்த 40 மார்க், அட்டையில் படம் ஒட்டி வாங்குவதற்கு அல்ல, பிள்ளை தடுமாறும் இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் என்பது இவர் சொல்லித்தான் புரிந்தது.

ஒரே குறை, பருவத்துக்கு ஒரு முழுத்தாள்தான் வைக்கிறார். நேரம் பார்த்து எழுதிப் பழக அது போதாது. மாதம் ஒன்று கேட்டிருக்கிறேன்.