ட்ராக் டே ஸ்விஃப்ட்: ஒரு செட் பிரேக் பேடோடு நான் பட்ட பாடு

ஆபீசில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் சமீபத்தில் செகண்ட் ஹேண்டில் ஸ்விஃப்ட் எடுத்தார். எடுத்த கையோடு என்னிடம் கேட்டது இதுதான்: "அண்ணா, உங்க வண்டியில இருக்கற அதே டிஸ்க் பேடைப் போட்டுட்டு நானும் இருங்காட்டுக்கோட்டை வரட்டுமா?" ட்ராக் டே என்றால் சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்; சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் அப்படி ஒரு தடம் இருக்கிறது. அவர் கேட்ட பேட், சக்கரத்தோடு சுழலும் டிஸ்கைக் கவ்வி வண்டியை நிறுத்தும் பிரேக் பேடில் ட்ராக்குக்கென்றே செய்த வகை. அவர் கேட்ட நேரம் அப்படி. முன்பக்க டிஸ்க் இரண்டையும் மாற்றிவிட்டு, அந்த பில்லைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். வாயில் வந்ததைச் சொல்லாமல், யோசித்து எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

வண்டி 2018-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட். 1.2 பெட்ரோல், மேனுவல் கியர், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எடை ஒரு டன்னுக்கும் கீழே. ட்ராக்குக்கு இந்த வண்டியின் பெரிய பலமே அந்த எடைதான். வார நாளில் பெங்களூர் எச்எஸ்ஆர் லேஅவுட்டிலிருந்து அவுட்டர் ரிங் ரோட்டில் ஆபீஸ், எப்போதாவது ஒரு சனி ஞாயிறு ட்ராக். பெங்களூரிலிருந்து கிளம்பினால் ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சுமார் 300 கி.மீ.யில் இருங்காட்டுக்கோட்டை. ஒரு காலத்தில் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயமெல்லாம் 1990-க்குப் பிறகு இங்கே வந்துவிட்டது. ஒரு சுற்று 3.7 கி.மீ. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது, அது 2.1 கி.மீ. முதல் தடவை போகிறவருக்கு இரண்டில் எதுவானாலும் தாராளம்.

இன்ஜினில் நான் கை வைக்கவே இல்லை. எக்ஸாஸ்ட் மாற்றவில்லை, ஏர் ஃபில்டர் மாற்றவில்லை, இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றும் ஈசியு ரீமேப்பும் செய்யவில்லை. தொடக்கநிலை ட்ராக் டேவில் வண்டிக்கு வேகம் போதவில்லை என்று யாரும் திரும்பி வருவதில்லை. பிரேக் போதவில்லை என்றுதான் வருகிறார்கள்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஓட்டுநரோடு சேர்த்து ஒரு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர் ரோட்டின் முடிவில் 140 வேகத்திலிருந்து 60-க்கு இறக்குகிறீர்கள். அந்த ஒரே ஒரு அமுக்கலில் பிரேக்குக்குள் இறங்கும் வெப்பம், இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். சில விநாடியில் அடுத்த திருப்பம், அங்கே மறுபடி. ஊரில் எவ்வளவு முரட்டுத்தனமாக ஓட்டினாலும் அந்தச் சூடு வராது. இரண்டு பிரேக்குக்கு நடுவே ஆறுவதற்கு நேரம் கிடைத்துவிடும். அதனால் கம்பெனி பிரேக்கைக் குறை சொல்வது நியாயமில்லை. அது செய்யப்பட்டதே வேறு வேலைக்கு.

பிரேக் கைவிடுவது இரண்டு விதம். இதை முதல் நாளே தெரிந்துகொண்டு போவது நல்லது. பெடல் கல் மாதிரி நிற்கிறது, ஆனால் வண்டி நிற்க மறுக்கிறது என்றால் பேட் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடியை இழந்துவிட்டது. பெடல் மெத்தென்று உள்ளே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. முதலாவதில் கொஞ்சமாவது எச்சரிக்கை கிடைக்கும். இரண்டாவது அப்படியில்லை: போன திருப்பத்தில் இருந்த பெடல் இந்தத் திருப்பத்தில் இருக்காது.

நான் மனசார மெச்சுவது பிரேக் ஆயிலைத்தான். இவ்வளவு குறைந்த செலவில் வண்டி இப்படி மாறும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. சாதாரண டாட் 4 தர பிரேக் ஆயிலுக்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலைக்கு அதே தரம் கேட்பது வெறும் 155. நம் ஊர் மழைக்காலங்களைப் பார்த்த ஒரு வண்டியில், மூடியைத் திறக்காமலே விட்ட ஆயில் எந்தப் பக்கம் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சர்வீஸ் சென்டரில் லெவல் பார்த்து டிக் அடித்துவிடுகிறார்கள். லெவல் சரியாக இருக்கும், ஆயில் வீணாகியிருக்கும்.

வில்சன் கார்டனில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணன் பழைய ஆயிலை வெளியேற்றி, பிரேக் லைனிலிருந்து ஏர் எடுக்கும்போது கூடவே நின்று பார்த்தேன். ஆயில் டேங்கிலிருந்து தூரத்தில் இருக்கும் பின் சக்கரத்தில் ஆரம்பித்தார். ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் தெளிவான டியூப், டியூபின் மறுமுனை பாட்டிலுக்குள். "பம்ப் பண்ணு… பண்ணு… பிடி" என்று அவர் சொல்ல, உள்ளே உட்கார்ந்திருந்த பையன் பெடலை மிதித்துப் பிடித்தான். டியூபில் முதலில் வந்தது பழுப்பு. அப்புறம் குட்டிக் குட்டிக் குமிழ்களோடு வெளிறிய மஞ்சள். கடைசியில் குமிழே இல்லாமல் புது ஆயில். நான்கு சக்கரமும் முடித்துவிட்டுப் பெடலில் கால் வைத்தபோது கொஞ்ச தூரத்திலேயே கெட்டியாக நின்றது. ரேசிங் ஆயிலெல்லாம் 300 டிகிரியைத் தாண்டும், உண்மைதான். முதல் முறைக்குப் புது டாட் 4-ஏ போதும். டாட் 5 என்ற பெயரில் இருப்பது சிலிக்கான் வகை, அதை இதோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 பெயரில்தான் அதற்கு நெருக்கம், அதை டாட் 4-ஓடு கலக்கலாம்.

சரி, அந்த ட்ராக் பேடுக்கு வருகிறேன்.

ட்ராக்கில் அந்தப் பேட் அருமை. இதை மறைத்தால் நான் பொய்யனாவேன். ஒரு சுற்று சூடேறிய பிறகு, பெடலில் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவுக்கு வண்டி நிற்கும், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. செஷன் (ட்ராக்கில் ஒரு தடவை இறங்கி ஓட்டும் நேரம்) முடியும் வரை அந்த அளவு மாறாது. கம்பெனிப் பேடில் மூன்றாவது நான்காவது சுற்றிலேயே மனசுக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பிக்கும்: இந்தத் தடவை கொஞ்சம் முன்னாலேயே பிரேக் போட்டுவிடலாமா என்று. அந்தப் பயம் போனதும் கண் தானாகத் திருப்பத்தின் உள்முனைக்குப் போகிறது. பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பும் வித்தையை நான் கற்றுக்கொண்டது இந்தப் பேடில்தான். ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு இதைவிட நல்ல ஆசான் கிடையாது.

திங்கட்கிழமை காலை அதே பேட் சில்க் போர்டு ஜங்ஷனில் என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா. கத்துகிறது. ஒவ்வொரு தடவையும், நடை வேகத்துக்கு இறங்கும் அந்தக் கடைசி நொடியில், பல் கூசும் ஒரு கீச்சு. பக்கத்தில் ஸ்கூட்டரில் நிற்கும் குழந்தை காதைப் பொத்திக்கொள்கிறது. அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் அது சுவரில் மோதி இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது. மூன்றாவது மாடி அக்கா லிஃப்டில் பார்த்து, "நீங்க வர்றது பெட்ரூம் வரைக்கும் கேக்குதுப்பா, கொழந்த முழிச்சுக்குது" என்றார். அவர் சொன்னது நியாயம். அன்றிலிருந்து ராத்திரியில் ராம்ப்பில் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தே வண்டியை இறக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு பேடுக்காக மனுஷன் இப்படியெல்லாம் வாழ வேண்டியிருக்கிறது.

சத்தத்தோடு விட்டதா? காலையில் முதல் சிக்னலில் இதற்குப் பிடியே இருக்காது. குளிரில் அது கிட்டத்தட்ட மரக்கட்டை. டிசம்பர் மாசம் பார்க்கிங்கை விட்டு வெளியே வந்ததும் குறுக்கே ஒரு பைக் பாய்ந்தால், வழக்கமாக மிதிப்பதைவிடப் பலமாக மிதிக்க வேண்டும். வீட்டில் வேறு யாராவது வண்டியை எடுத்தால் இதைச் சொல்லித்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். அப்புறம் தூசி. இரும்புத்தூள் கலந்த தூசி அலாய் வீலில் படிந்து, ஒரு மழை பெய்ததும் ஆரஞ்சுப் புள்ளிகளாகத் துருப்பிடித்து நிற்கிறது. வெறும் தண்ணீர் அடித்தால் போகாது, நகத்தால் சுரண்டினால் வரும். பெங்களூரில் சாயங்கால மழைக்கா பஞ்சம்?

சத்தத்துக்கு என்னென்ன வைத்தியம் உண்டோ அத்தனையும் பார்த்தாயிற்று. பேடின் முதுகில் ஷிம் தகடு, அதற்குரிய கிரீஸ், ஸ்லைடு பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ், பேடின் விளிம்பைச் சாய்வாக உரசி எடுப்பது எல்லாமே செய்தோம். ஞாயிறு விடியற்காலையில் அத்திப்பள்ளி தாண்டி ஆளில்லாத ரோட்டில் 80-லிருந்து 20 வரை முழுசாக நிறுத்தாமல் திரும்பத் திரும்ப இறக்கி, பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட்டுப் பேடைப் பதப்படுத்தியும் வந்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நாள் அமைதி. பிறகு மறுபடி அதே கீச்சு.

காரணம் இல்லாமல் இல்லை. இந்த மாதிரிப் பேட் சூட்டில் வேலை செய்யும்போது தன்னில் ஒரு மெல்லிய படலத்தை டிஸ்கின் மேல் பூசிக்கொள்கிறது. பிடிப்பது அந்தப் படலத்தில்தான். ஊர் டிராஃபிக்கில் அந்தச் சூடு வருவதே இல்லை. அப்போது படலத்தைத் தானே சுரண்டி எடுத்துவிட்டு வெறும் இரும்பை அரம் போல அராவ ஆரம்பிக்கிறது. சத்தமும் தூசியும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. பேடின் பெட்டியில் எந்த வெப்பத்தில் வேலை செய்யும் என்று அச்சடித்துத்தான் இருக்கிறது; பேடைச் செய்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. "சிட்டிக்கும் இதுவே ஓடும் சார், ஒண்ணும் ஆகாது" என்று சத்தியம் செய்து விற்ற கடைக்காரர் மேல்தான் கோபம். இரண்டாவது முறை போய்க் கேட்டபோது, "உங்க டிரைவிங் ஸ்டைல் அப்படி" என்றார். அவுட்டர் ரிங் ரோட்டில் என்ன ஸ்டைல் இருக்கிறது? முன்னால் போகிற பஸ் நின்றால் நிற்கிறேன்.

போன வாரம் சக்கரத்தைக் கழற்றிய அண்ணன் டிஸ்கின் ஓரத்தில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். பேட் உரசாத வெளி விளிம்பு ஒரு படியாக நின்றது; உரசிய இடம் அவ்வளவு தேய்ந்திருந்தது. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்கிலேயே பொறித்திருக்கும். காலிப்பர் அளவுகோலை வைத்தார், அதற்கும் கீழே. "லேத்துக்கும் கொடுக்க முடியாது, மாத்தியே ஆகணும்." ட்ராக்கில் தேய்ந்திருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். இது ரிங் ரோடு தின்ற டிஸ்க்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டயர் சாதாரண டயரே போதும். காற்று மட்டும் ட்ராக்கிலிருந்து வந்த உடனே, சூடாக இருக்கும்போதே பாருங்கள். நன்றாக ஏறியிருக்கும், ஏறியதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். டயரின் தோளில், அதாவது ரோட்டில் படும் பகுதி பக்கச் சுவரோடு சேரும் இடத்தில், சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அனுப்பினால் எவ்வளவு தூரம் உருண்டு மடிகிறது என்று கோடே காட்டிவிடும். வலது திருப்பம் அதிகமான ட்ராக்கில் இடது முன் டயர்தான் முதலில் அழும். ஓட்டுநர் காலடியில் கிடக்கும் ஃப்ளோர் மேட்டைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள், பெடலுக்கு அடியில் நகர்ந்தால் கதை முடிந்தது. டிக்கியையும் கதவுப் பைகளையும் காலி செய்து, ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் பேடாக்கில், அதாவது ட்ராக்குக்கு வெளியே வண்டிகளை நிறுத்தும் இடத்தில், இறக்கி வையுங்கள். டோயிங் ஹூக்கை முன்னால் திருகி மாட்டிக்கொள்ளுங்கள். பெட்ரோல் அரை டேங்குக்குக் குறைய வேண்டாம். கடைசிச் சுற்றை பிரேக்கே தொடாத மாதிரி மெதுவாக ஓட்டி உள்ளே வாருங்கள். நின்றதும் ஹேண்ட் பிரேக் வேண்டாம், பெடலிலும் கால் வேண்டாம், கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பெடலை மிதித்தபடி நின்று, சூடான டிஸ்கில் பேட் ஒரே இடத்தில் அழுந்திவிட்டால் அப்புறம் வழியெல்லாம் ஸ்டியரிங் உதறும். ஆறிய பிறகு வீல் நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு உபயோகித்தால் கிடையாது என்று அதில் போட்டிருக்கும். அங்கே அடிபட்டால் டோயிங் உட்பட எல்லாம் உங்கள் காசுதான்.

இப்போது முடிவு. ட்ராக்கில் இத்தனை அருமை என்று எழுதியிருக்கிறேனே, அதில் ஒரு வார்த்தையையும் திரும்ப எடுக்கவில்லை. ஆனாலும் வாங்க வேண்டாம். தினமும் ஆபீசுக்கு எடுத்துப் போகிற வண்டியில் வேண்டவே வேண்டாம். புது பிரேக் ஆயில், தடிமன் குறையாத கம்பெனிப் பேட், ஒவ்வொரு செஷனிலும் நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை ஒரு சுற்று ஆறவிட்டு ஓட்டுவது, இவ்வளவு இருந்தால் முதல் வருஷம் முழுக்க ஓட்டலாம். என் வண்டியில் இப்போது புது டிஸ்கோடு கம்பெனிப் பேடுதான் இருக்கிறது. புதிதாக இன்னொரு செட் ட்ராக் பேடும் வாங்கி வைத்திருக்கிறேன், பெட்டி பிரிக்கவில்லை. அதை இனி பேடாக்கில் ஜாக்கி போட்டுத்தான் மாட்டுவேன், கிளம்புமுன் கழற்றிவிடுவேன். ஸ்விஃப்டில் அது பெரிய வேலையில்லை: பேடைப் பிடித்திருக்கும் பிரேக் காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால் பேட் கையோடு வந்துவிடும். பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டேங்கில் ஆயில் வழிகிறதா என்று பார்க்க ஒரு ஆள், மாட்டி முடித்து வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை பம்ப் செய்வது, அவ்வளவுதான். இந்த வேலைக்குப் பொறுமை இல்லாதவர் அந்தப் பேடின் பக்கமே போகாதீர்கள்.