மணாலியா, ஸ்ரீநகரா? லே வரைக்கும் கூட்டமாகச் சைக்கிள் மிதிக்கப் போகிறவர்களுக்கு

பொங்கல் முடிந்ததுமே எங்கள் குழுவில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும்: லடாக்கில் இருக்கிற லேவுக்குச் சைக்கிளில் மணாலி வழியாகப் போவதா, ஸ்ரீநகர் வழியாகவா? புதுச்சேரியிலிருந்து ஐந்து பேர், கடலூரிலிருந்து மூன்று பேர் என்று எட்டுப் பேராக 2022-ல் மணாலி வழியிலும் 2024-ல் ஸ்ரீநகர் வழியிலும் மிதித்துவிட்டோம். முதல்முறை கூட்டமாகப் போகிறவர்கள், அதுவும் நம்மைப் போலக் கடலோரத்தில் பிறந்து வளர்ந்து, மேடு என்றால் மேம்பாலத்தை மட்டுமே பார்த்தவர்கள், ஸ்ரீநகர் வழியாகத்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தூரத்தில் பெரிய வித்தியாசமில்லை. ரோதாங் ஏறிப் போனால் மணாலியிலிருந்து லே சுமார் 475 கி.மீ., ஸ்ரீநகரிலிருந்து சுமார் 420. உயரத்தில்தான் எல்லாமே இருக்கிறது. மணாலி வழியில் ஐந்து கணவாய்கள் (அந்தப் பக்கத்தில் 'லா' என்றால் கணவாய்): ரோதாங் (3,978 மீட்டர்), ஏறத்தாழ 4,900-ல் பாரலாச்சா லா, அப்புறம் நக்கீ லா, 5,000-ஐத் தாண்டும் லாச்சுலுங் லா, கடைசியில் 5,300-க்கும் மேலே தங்லங் லா. ஸ்ரீநகர் வழியில் மூன்றுதான்: சோஜி லா (3,528), சுமார் 3,700-ல் நமிகா லா, ஃபோட்டு லா (4,108).

ஆயிரம் மீட்டர்தானே கூடுதல், நன்றாகப் பயிற்சி எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. பகலில் எவ்வளவு உயரம் ஏறுகிறோம் என்பதைவிட ராத்திரி எந்த உயரத்தில் படுக்கிறோம் என்பதுதான் உடம்புக்கு முக்கியம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஓய்வு எடுக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. மணாலி வழியில் இந்தக் கணக்கைக் காப்பாற்றுவது ரொம்பக் கடினம். கேலாங், ஜிஸ்பா வரை 3,100, 3,200 என்று நிம்மதியாகப் போகும். அதற்கப்புறம் பெரும்பாலானவர்கள் தங்குவது ஜிங்ஜிங்பார் அல்லது சர்ச்சுவில், இரண்டுமே 4,200-க்கு மேல். அடுத்த ராத்திரி பாங், 4,600. லேவே 3,500 தான், அதைவிட ஆயிரம் மீட்டர் மேலே படுத்துவிட்டு லேவுக்கு இறங்கி வருகிறோம்.

எங்களுக்கு சர்ச்சுவில்தான் சோதனை வந்தது. கடலூர்த் தம்பி ஒருவன், குழுவிலேயே வேகமாக மிதிப்பவன், சாயங்காலமே சாப்பாடு வேண்டாம் என்றான். "தலை பிளக்குதுண்ணா, தூங்குனா சரியாயிடும்" என்று படுத்தவன் ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி எடுத்தான், எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. கூட வந்த வாடகை வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டருக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தோம், திறந்தால் காலி. கீழே இறக்க வேண்டும் என்றால் அங்கேதான் ஒரு விஷயம் உறைத்தது, சர்ச்சுவிலிருந்து ஜிஸ்பா பக்கம் இறங்குவதற்கு முதலில் பாரலாச்சா லாவை ஏறித் தாண்ட வேண்டும். லே பக்கம் போனாலும் லாச்சுலுங் லா. உயரத்தால் உடம்பு கெட்டவனை இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோய்த்தான் இறக்க முடியும். அந்த வண்டிப் பயணத்தை நான் மறக்கவே மாட்டேன். கேலாங் மருத்துவமனையில் தேறிவிட்டான், ஆனால் அவனுக்குப் பயணம் அதோடு முடிந்தது.

ஸ்ரீநகர் வழியில் ஸ்ரீநகர் 1,585, சோன்மார்க் சுமார் 2,800, திராஸ் 3,280 என்று ஏறி, கார்கிலில் 2,676-க்கு இறங்கிப் படுக்கிறோம். அந்த ஒரு ராத்திரி உடம்புக்குப் பெரிய வரம். கார்கிலில் மருத்துவமனை உண்டு, பல இடங்களில் ஒரு மணி நேரம் இறங்கினாலே ஏதாவது ஊர் வந்துவிடும். கூட்டமாகப் போகிறவர்களுக்கு இதில் இன்னொரு நன்மை. எட்டுப் பேருக்கு எட்டு வேகம், முதல் ஆள் வந்து மூன்று மணி நேரம் கழித்துக் கடைசி ஆள் வந்தாலும் டீக்கடையும் வீடுகளும் இருக்கிற பாதையில்தான் வருகிறார். மணாலி வழியில் தார்ச்சாவுக்கும் ரும்ட்சேவுக்கும் இடையில் ஏறத்தாழ 250 கி.மீ.க்கு நிரந்தர ஊர் இல்லை, கோடையில் போடும் கூடாரக் கடைகள்தான்.

அழகு என்று வந்தால் மணாலி வழிதான், அதை மறுக்க மாட்டேன். கட்டா லூப்ஸில் 21 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, காலையில் கிளம்பிய பள்ளத்தாக்கு கோடு மாதிரிக் கிடந்தது. மோரே சமவெளி 40 கி.மீ., 4,700 மீட்டர் உயரத்தில் மரக்காணம் உப்பளம் மாதிரித் தட்டையாகக் கிடக்கிறது, சக்கரச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

ஸ்ரீநகர் வழியின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ராணுவ லாரி வரிசை வந்தால் ஓரமாக நிற்க வேண்டும், சோஜி லாவில் புழுதி தொண்டையை அடைக்கும், ஜூலை ஆகஸ்டில் அமர்நாத் யாத்திரைக் கூட்டம் சோன்மார்க் பக்கம் நிரம்பி வழியும். 2025 ஏப்ரலில் நடந்த பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள், அந்தப் பயம் நியாயமானது, அங்கே நிலைமை எப்படி என்று பார்த்துத்தான் தேதி வைக்க வேண்டும். இரண்டு வழிக்குமே செப்டம்பர்தான் நல்லது, மழை ஓய்ந்திருக்கும், ஓடைகளில் தண்ணீரும் குறைந்திருக்கும்.

போய்ச் சேருவதில், புதுச்சேரியிலிருந்தே புதுதில்லிக்கு வாரம் ஒரு ரயில் இருப்பதால் மணாலி வழிக்குச் செலவு குறைவு, மிச்சம் பேருந்து. ஸ்ரீநகருக்கு விமானம்தான் எளிது, சைக்கிளைக் கழற்றி அட்டைப் பெட்டியில் கட்ட வேண்டும். போஸ்ட்பெய்டு சிம் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர் ப்ரீபெய்டு எண் அங்கே வேலை செய்யாது.

மணாலி வழியை விட மனமில்லாதவர்களுக்கு ஒன்று சொல்வேன், அடுத்த முறை நாங்களும் அப்படித்தான் போகப்போகிறோம். ஸ்ரீநகரிலிருந்து ஏறி, லேவில் மூன்று நாள் தங்கி, அங்கிருந்து மணாலிக்கு மிதியுங்கள். அதற்குள் உடம்பு பழகியிருக்கும், தங்லங் லா முதலிலேயே முடிந்துவிடும். சர்ச்சுவில் வாந்தி எடுத்த அதே தம்பிதான் இதற்குத் தேதி குறித்துக்கொண்டிருக்கிறான், போன ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலையில் எழுபது வளைவையும் கால் ஊன்றாமல் ஏறிவிட்டுப் போன் செய்தான்.