எறும்புச்செடி: வாங்கலாமா?

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் உள்ள நர்சரி ஒன்றில், ‘எறும்புச்செடி’ என்ற பெயரில் ஹைட்னோஃபைட்டம் கன்றுகள் விற்கப்படுகின்றன. தென்கிழக்காசியக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் இச்செடியின் பருத்த அடித்தண்டுக்குள் அறைகளும் சுரங்கவழிகளும் தாமாகவே உருவாகின்றன. எறும்புகள் வழவழப்பான சுவருள்ள அறைகளில் தம் புழுக்களை வளர்த்து, சொரசொரப்பான சுவருள்ளவற்றில் கழிவைக் கொட்ட, அதிலுள்ள சத்தை அச்சுவர்களின் வழியே செடி உறிஞ்சிக்கொள்கிறது. மண்ணே இல்லாத கிளையில் வாழ்வதற்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆனால், இக்கன்றை வண்டல் மண்ணில் நட்டு விற்பது பெருங்குறை. நெல்லுக்கு உகந்த அம்மண்ணில் நீர் தேங்கி அடித்தண்டு அழுகிவிடும் என்பதால், வாங்கியவுடன் தேங்காய் மட்டைத் துண்டுகளும் அடுப்புக்கரியும் கலந்த தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். இரண்டுக்கும் நம் பக்கத்தில் பஞ்சமில்லை. எறும்பு குடியேறாவிட்டால் செடி பட்டுப்போகும் என்று அங்கே சொல்வதும் சரியன்று. எறும்பில்லாமலும் அது வளரும். எப்போதாவது மிக நீர்த்த உரம் கொடுத்தால் போதும். டெல்டாவின் புழுக்கம் அதற்கு ஒத்துப்போகிறது, சித்திரை வெயில் மட்டும் நேராகப் படக்கூடாது. விலை 400 ரூபாய் சற்று அதிகந்தான் என்றாலும், அடித்தண்டு நன்கு பருத்த கன்றாகப் பார்த்து எடுத்தால் கொடுக்கலாம்.