இளம் கேலக்ஸிக் கொத்துகளின் கருந்துளைகள்: ஜி.எம்.ஆர்.டி.யா, வி.எல்.ஏ.வா?

காலாப்பட்டில், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில், எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு ரேடியோ வானியல் எடுக்கும் தம்பி தங்கைகள் முதலில் கேட்பது இதைத்தான். இரண்டுமே பல தட்டு ஆன்டெனாக்கள் சேர்ந்து ஒரே கருவியாக வேலை செய்யும் ரேடியோ தொலைநோக்கிகள்; எதன் தரவை எடுப்பது என்பதுதான் கேள்வி. நான் ஜி.எம்.ஆர்.டி. தரவை எடுத்தவன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். காரணத்தை ஸ்பைடர்வெப் கேலக்ஸியை வைத்தே சொல்லிவிடலாம். அதன் செம்பெயர்ச்சி, அதாவது பிரபஞ்சம் விரிவதால் அதன் ஒளி அலை நீண்ட அளவு, 2.16. அங்கிருந்து வரும் ஒளி ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கிளம்பியது. சுற்றிலும் ஒரு கேலக்ஸிக் கொத்து அப்போதுதான் கூடிக்கொண்டிருந்தது. நடுவில் இருக்கும் கருந்துளை, ஜெட்டுகள் எனப்படும் அதிவேகத் துகள் தாரைகளைப் பீய்ச்சிக்கொண்டிருக்கிறது.

தெரிந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வி.எல்.ஏ. நியூ மெக்சிகோவில் இருக்கிறது, 25 மீட்டர் தட்டுகள் 27. ஜி.எம்.ஆர்.டி. புணேக்கு வடக்கே, 45 மீட்டர் தட்டுகள் 30. நம் ஊட்டி ரேடியோ தொலைநோக்கியை அமைத்த கோவிந்த் ஸ்வரூப்தான் இதற்கும் தலைமை தாங்கினார். இரண்டின் பழைய தரவும் காசில்லாமல் கிடைக்கும்.

கூர்மையில் வி.எல்.ஏ.வை அடித்துக்கொள்ள முடியாது. தட்டுகளை 36 கிலோமீட்டருக்கு விரித்து 10 கிகாஹெர்ட்ஸில் பார்த்தால் 0.2 ஆர்க்செகண்ட் வரை பிரித்துக் காட்டும் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு). ஜி.எம்.ஆர்.டி. 400 மெகாஹெர்ட்ஸில் ஆறேழு ஆர்க்செகண்ட்தான். ஸ்பைடர்வெப் தூரத்தில் ஒரு ஆர்க்செகண்ட் என்பதே சுமார் 27,000 ஒளியாண்டு. அதனால் ஜெட் எங்கே வளைகிறது, எங்கே முட்டுகிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், யோசிக்காமல் வி.எல்.ஏ. எடுங்கள்.

ஆனால் அந்தக் கருந்துளை முன்பு என்ன செய்தது என்று கேட்டால் கதை மாறுகிறது. ஜெட் கொட்டிய எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலை வீசுகின்றன. கூடவே பெருவெடிப்பின் மிச்சமான நுண்ணலைப் பின்னணியோடு மோதியும் ஆற்றலை இழக்கின்றன. அந்தப் பின்னணியின் ஆற்றல் அடர்த்தி செம்பெயர்ச்சியோடு ஒன்றைக் கூட்டி, அதன் நான்காம் அடுக்காக ஏறும். 3.16-ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 100 வரும். இன்றைக்கு இருப்பதைப் போல நூறு மடங்கு! அதிக ஆற்றல் உள்ள எலெக்ட்ரான்தான் முதலில் களைத்துப்போகும். உயர் அதிர்வெண்ணில் ஒளிர்வதும் அதுதான். இதற்கு மேல் அலையும் நீண்டுவிடுகிறது: இங்கே 10 கிகாஹெர்ட்ஸில் நாம் பிடிப்பது அங்கே 31.6 கிகாஹெர்ட்ஸில் கிளம்பியது. ஆக, உயர் அதிர்வெண்ணில் தெரிவது பெரும்பாலும் அண்மைக்கால வேலை. கருந்துளை முன்பு ஊதிவிட்டுப் போன பழைய மேகம் அங்கே மங்கி மறைந்திருக்கும், 400 மெகாஹெர்ட்ஸிலோ இன்னும் மினுங்க வாய்ப்புண்டு. எனக்கு இந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

வி.எல்.ஏ.விலும் 230–470 மெகாஹெர்ட்ஸ் ஏற்பி உண்டு, இல்லாமல் இல்லை. ஆனால் தட்டுகளின் மொத்தப் பரப்பில் ஜி.எம்.ஆர்.டி. மூன்றரை மடங்கு. இன்னொன்று, ஸ்பைடர்வெப் தெற்கு வானத்தில் இருப்பது; வடக்கே போகப் போக அது தாழ்ந்துபோய், பார்க்கக் கிடைக்கும் நேரம் குறையும். ஏப்ரல் இரவில் பாண்டி கடற்கரையில் நின்றால் அது இருக்கும் ஹைட்ரா விண்மீன் கூட்டப் பகுதி தெற்கே 52 டிகிரி உயரத்துக்கு ஏறும். புணேயில் 44, வி.எல்.ஏ.வில் 29தான்.

பார்வைப் பரப்பும் முக்கியம். 400 மெகாஹெர்ட்ஸில் ஜி.எம்.ஆர்.டி. ஒரே பார்வையில் ஒரு டிகிரிக்கு மேல் பார்க்கும், கொத்து முழுக்க அடங்கிவிடும். 10 கிகாஹெர்ட்ஸில் வி.எல்.ஏ. பார்ப்பது நான்கு ஆர்க்மினிட் அளவுதான்; ஒரு ஆர்க்மினிட் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு.

தொல்லையும் உண்டு. நேரத்தையும் அதிர்வெண்ணையும் சேர்த்துக் காட்டும் வாட்டர்ஃபால் ப்ளாட்டைத் திறந்தால் 360–380 மெகாஹெர்ட்ஸ் பக்கம் செயற்கைக்கோள் இரைச்சல் பட்டையாக நிற்கும். அதை வெட்டி எறிந்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். மேல்வளிமண்டலத்தின் அயனி மண்டலம் குழம்பிய இரவுகளில், அலைகள் தட்டுகளை வந்தடைவதில் வரும் பிசகைச் சரிசெய்யும் கட்டத் திருத்தம் லேசில் அமையாது. ஃபைல்கள் பல பத்து ஜிபி வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய் டவுன்லோட் நின்றுவிடும், அதனால் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். வி.எல்.ஏ. தரவில் நான் கை வைத்தது கொஞ்சம்தான், ஆனால் அந்த அனுபவத்தில், கருவிப் பிழைகளைச் சரிசெய்யும் அளவுத்திருத்தம் அங்கே சுலபமாக முடிந்தது.

இன்னும் தயக்கம் இருந்தால், முதலில் ஜி.எம்.ஆர்.டி.யின் 150 மெகாஹெர்ட்ஸ் வான் கணக்கெடுப்பான டி.ஜி.எஸ்.எஸ். படத்தையும் வி.எல்.ஏ.வின் 1.4 கிகாஹெர்ட்ஸ் வான் கணக்கெடுப்பான என்.வி.எஸ்.எஸ். படத்தையும் இறக்கி, ஸ்பைடர்வெப்பின் பிரகாசத்தை இரண்டிலும் அளந்து, அதிர்வெண் ஏற ஏற அது எவ்வளவு குறைகிறது என்ற சரிவைக் கணக்கிடுங்கள். அதற்குச் சாதாரண மடிக்கணினியே போதும்.