குறட்டைக்குப் பல் டாக்டரா?

என் பையனுக்கு எட்டு வயது. ராத்திரி வாயைத் திறந்துகொண்டு, தாத்தாவுக்குப் போட்டியாகக் குறட்டை விடுவான். நடுவில் சட்டென்று சத்தம் நிற்கும். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும். அப்புறம் ஒரு திணறலோடு மூச்சு வரும். தலையணை வியர்வையில் நனைந்திருக்கும். "அசந்து தூங்குறான்" என்று மாமியார் சொன்னதை நானும் ரொம்ப நாள் நம்பினேன். பகலில் தூங்கி வழியவும் இல்லை, ஓரிடத்தில் உட்காராமல் ஆடிக்கொண்டேதான் இருப்பான்.

மடிப்பாக்கத்தில் இருக்கும் இந்தப் பல் சீரமைப்பு கிளினிக்குக்குத் தெத்துப்பல்லுக்காகத்தான் போனேன். டாக்டர் முதலில் கேட்டதே, "குறட்டை விடுவானா?" மேல் அண்ணம் குறுகி, உயரமாக வளைந்திருப்பதைக் கண்ணாடியில் காட்டினார். அண்ணம் குறுகினால் அதற்கு மேலே இருக்கும் மூக்கு வழியும் குறுகலாமாம். உடனே கம்பி மாட்டிக் காசு பார்க்கவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் தூக்கப் பரிசோதனைக்கும் அனுப்பினார். மூச்சுத் தடை உறுதியானது. தொண்டையில் இருக்கும் டான்சில், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை இரண்டும் வீங்கிப் பெரிதாக இல்லை. அதன் பிறகுதான் அண்ணத்தை விரிக்கும் கருவி. குட்டிச் சாவியால் ஒரு திருகு திருகினால் கால் மில்லிமீட்டர். முதல் வாரம் எச்சில் வழிந்தது, சாம்பார் சாதம்கூடக் கருவியில் மாட்டிக்கொண்டது. முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்ததும் பதறிப்போய்ப் போன் செய்தேன். அண்ணம் விரிவதன் அடையாளமாம். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

அப்பாயிண்ட்மென்ட் இருந்தும் சனிக்கிழமைகளில் ஒன்றரை மணி நேரம் காக்க வைக்கிறார்கள். பார்க்கிங் கிடையாது. குறட்டை நன்றாகக் குறைந்திருக்கிறது. மறுபடி தூக்கப் பரிசோதனை அடுத்த மாதம்.